பச்சை பூத்த உண்ணி

செண்பகவல்லி உண்ணி பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஆட்டை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, காது மடலுக்குள் விரலை விட்டு, அங்கிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து முன்னங்கால் கவட்டிக்கும் எந்த அவசரமும் இல்லாமல் தடவிக்கொண்டு போவாள். ஆடும் கண்ணை மூடிக்கொள்ளும். யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரும். கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். கண் ரோமத்தோடு நின்றுவிடும், விரலுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றாள்.

என் பெயர் ஹாரூன். கோவில்பட்டியில் கால்நடைத் தீவனமும் மருந்தும் விற்கிறேன். வாப்பா காலத்தில் தாம்புக் கயிறு, கழுத்துமணி, புண்ணாக்கு, அவ்வளவுதான். மருந்து நான் கொண்டுவந்தது. எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. ஆனாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் என்னிடம் சண்டை போட ஆள் கிடைக்காது. வெயிலுக்குத் தெருவே படுத்துவிடும். புண்ணாக்கு வாசனையில் நானும் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அந்த நேரத்தில்தான் கழுகுமலை பஸ்ஸில் அவள் வந்து இறங்குவாள்.

தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஆட்டுக்கதை சொல்வாள். வெல்லக்கட்டி என்ற ஆடு மழை வருவதற்கு முதல்நாளே மேயாமல் நின்றுவிடும் என்பாள். ஒரு கிடா தன் நிழலைப் பார்த்து முட்டப் போய் முள்ளில் விழுந்தது என்பாள். பாதித் தூக்கத்தில் கேட்டதால் இவற்றில் எது அவள் சொன்னது, எது நான் கண்ட கனவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் இப்படிப் போனது.

அவள் பிறந்தது ஓட்டப்பிடாரம் பக்கம், ஆடு மேய்க்கிற குடும்பத்தில். பத்தொன்பது வயதில் கழுகுமலைக்கு இந்தப்புறம் ஒரு கரிசல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கூடவே ஒன்பது வேம்பூர்ப் பொட்டாடுகளையும் ஓட்டிவிட்டார்கள். வெள்ளை உடம்பில் செம்புள்ளி போட்ட ஆடுகள். புருஷன் கோபாலசாமி உளுந்து, மக்காச்சோளம் என்று விவசாயத்தில் இறங்கிவிட்டான். ஒரே மகள் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் துணி தைக்கிறாள். ஆடுகள் செண்பகவல்லியோடு நின்றுவிட்டன. ஒன்பது பெருகி நாற்பத்தாறு ஆனது. புதிதாக எந்த உயிர் பட்டிக்குள் வந்தாலும், பிறந்த குட்டியோ வாங்கி வந்த கிடாவோ, மஞ்சள் தண்ணீர் தெளித்து வா என்று கூப்பிடுவாள். நான் முதன்முதலாகப் பட்டியைப் பார்க்கப் போனபோது என்மீதும் நாலு சொட்டு விழுந்தது. வெள்ளைச் சட்டை. என் வீட்டுக்காரி நஸீமா அதற்கு ஒரு வாரம் பேசினாள்.

அவள் என்னிடம் வாங்கியது பெரும்பாலும் உண்ணி மருந்துதான். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து. அவள் அதைக் கையை விட்டுத்தான் கலக்குவாள். துணியை நனைத்து, ஆட்டுக்கு ஆடு, காதுக்குக் காது, வெறுங்கையால் துடைப்பாள். கையுறை போடச் சொல்லிப் பாட்டிலில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. படிக்க வேண்டியவன் நான். படிக்கவில்லை. பிறகு, பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதுபோல, உண்ணிக்கு அந்த மருந்து சாதாரணமாகிப் போனது. துடைத்த மறுவாரமே காதுக்குள் கொத்துக் கொத்தாக ஏறிவிடுகிறது என்று அவள் வந்து சொன்னபோது நான் தூக்கக் கலக்கத்தில், "ஒண்ணுக்கு ரெண்டு மூடி போடு தங்கச்சி" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ தடவை திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

போன வருஷம் ஆவணியில் அவளுக்குப் பதில் கோபாலசாமி வந்தான். அவளுக்குக் கை தோல் உரிந்து புண்ணாகிவிட்டது, தலை சுற்றிப் பட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டாள், இனி அந்த மருந்தையோ மருந்து துடைத்த ஆட்டையோ தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றான். சொல்லிவிட்டு, அதே மருந்தில் இரண்டு பாட்டில் கேட்டான். இந்தத் தடவை கையுறையும் சேர்த்துக் கொடுத்தேன். ரெண்டு மூடி என்று சொன்னவன் நான்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. வெட்கம் என்று சொன்னால் அது எனக்குச் சாதகமான சொல். பயம்தான்.

சங்கதி இதுதான். மருந்தை நிறுத்தினால் உண்ணி ஆட்டைத் தின்றுவிடும். மருந்து போட்டால் செண்பகவல்லி பட்டிக்குள் போக முடியாது. கோபாலசாமி உளுந்துக் காட்டையும் பார்த்து ஆட்டையும் பார்த்து இளைத்துப் போனான். தை பிறந்ததும் எட்டயபுரத்து வியாபாரிக்கு மொத்த ஆட்டையும் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தான். அவன்மேல் தப்பில்லை. மனிதனுக்கு இரண்டு கால்தானே.

செண்பகவல்லி பட்டி வாசலை அடைக்கிற முள்படலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் வேலை. உள்ளேயிருந்து ஆடுகள் கூப்பிடும், இவள் பதில் சொல்லுவாள், அதோடு சரி. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நாள் கடையில் ஏறி, மூட்டைமேல் உட்கார்ந்து, தனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது என்றாள். மழை நின்ற கரிசலில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவாம். குளம்புச் சத்தமே இல்லை. ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கையில் வாயை வைத்துவிட்டுப் போகிறது. கடைசியில் வெல்லக்கட்டி வருகிறது. அது வாயை வைக்கும்போது குனிந்து பார்த்தால் இவளுக்குக் கை இல்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். நான் கல்லாவைத் திறந்து மூடினேன்.

புரட்டாசிக் கடைசியில் முத்துசெல்வி என்ற பெண் அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். தென்னையைக் குடையும் வண்டுக்கு எதிராகப் பூஞ்சை வளர்த்துப் பாக்கெட் போடுகிற சின்னக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வேக வைத்த அரிசியில் வளர்க்கிறார்களாம். பாக்கெட்டுக்குள் பாசிப்பயற்றை அரைத்த மாதிரிப் பச்சைப் பொடி. வீட்டில் சோற்றில் பூசணம் பூத்தால் கொல்லையில் கொட்டுகிறோம், நீ அதை விற்க வந்திருக்கிறாயா என்று கேலி செய்தேன். அவள் கோபப்படவில்லை. இது சோற்றுக்கு வருகிற பூசணம் இல்லை, பூச்சிக்கு வருவது என்றாள். பூச்சியின் தோலில் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைவிட்டு, உள்ளே துளைத்துப் போய், ஆளைத் தின்று முடித்துவிட்டுப் பச்சை மாவாக வெளியே பூக்குமாம். நம் மண்ணிலேயே இருக்கிற சாதிதான். உண்ணிக்கும் சில இடங்களில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொன்னாள்.

என் தூக்கம் கலைந்தது. ஆட்டுக்கும் மனிதருக்கும் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"ரத்தச் சூடு அதுக்கு ஆகாது அண்ணாச்சி, நம்ம மேல முளைக்காது. ஆனா பொடி மூக்குல ஏறக் கூடாது. முகத்துக்குத் துணி கட்டிக்கிடணும், கைக்கு உறை போட்டுக்கிடணும்" என்றாள்.

பச்சைப்பிள்ளை மாதிரி ஒரு மருந்து, அதற்கே கையுறை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் பதினோரு வருஷம் சொல்லவில்லை. அவளை உட்காரவைத்து டீ வரவழைத்து, செண்பகவல்லியின் கதை முழுவதையும் சொன்னேன். ரெண்டு மூடியை மட்டும் விட்டுவிட்டேன். அவள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. நம் ஊர் வெயில் இதற்கு எமன், மழை மாதங்களில் மட்டும்தான் பிழைக்கும், உண்ணி முட்டையிட இறங்குகிற தரையிலும் சுவர் இடுக்கிலும் தெளித்துப் பார்க்கலாம், எல்லாம் சாகும் என்று சொல்லமாட்டேன் என்றாள். ஆறு பாக்கெட் வாங்கினேன். கடைத் தகரத்துக்குக் கீழே வைத்தால் வெந்துவிடும் என்பதால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன். மீன் பக்கத்தில் பூசணமா என்று நஸீமா மறித்துவிட்டாள். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில்தான் வைத்தேன்.

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்த பிறகு முத்துசெல்வியோடு போனேன். காலே நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல் ஈரம் குடித்து மூடிக்கொண்டிருந்தது. தரை பஞ்சுமெத்தைபோல் இருந்தது. நடப்பது நான்தானா என்று இருந்தது. கோபாலசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தை வரைக்கும் மருந்தை நிறுத்திப் பார்க்கிறேன், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கேட்காதீர்கள் என்றான். வெயில் தாழ்ந்ததும் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கல் அடுக்கிய பட்டிச் சுவரின் இடுக்கு, தரை, படலின் அடி என்று அவனும் நானும் தெளித்தோம். செண்பகவல்லி வேப்பமரத்தடியில் நின்று, அந்த மூலை விட்டுப்போச்சு, இந்த மூலை விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் ஆனது. ஒரு உண்ணியும் சாகவில்லை. மருந்தும் இல்லாததால் முன்னைவிட அதிகம் ஏறியது. ஒரு குட்டி ரத்தம் வற்றி, ஈறு வெளுத்துச் செத்தது. போனில் அதைச் சொன்ன கோபாலசாமி, பூசணத்தை நம்பின நம்மைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னான். வியாபாரியிடம் தேதி கேட்டுவிட்டதாகவும் சொன்னான். முத்துசெல்விக்குப் போன் செய்து கத்தினேன். அவள் என் கத்தலைக் கேட்டு முடித்துவிட்டு, பட்டியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள்.

போனோம். தூறலாக இருந்தது. முத்துசெல்வி பட்டிச் சுவரை ஒட்டிக் குனிந்தபடியே ஒரு சுற்று வந்தாள். ஓரிடத்தில் நின்று கல்லைத் தொட்டு விரலைப் பார்த்தாள். விரல் மஞ்சளாக இருந்தது. அடுத்த கல்லும் மஞ்சள். படலின் அடியும் மஞ்சள். எனக்கு அப்போதே வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

"யக்கா, இங்கன மஞ்சத்தண்ணி தெளிச்சியளா?"

"தெளிக்காம எப்பிடி தாயி?" என்றாள் செண்பகவல்லி. "புதுசா ஒரு உசுரு நம்ம பட்டிக்கு வந்திருக்கு. என் ஆட்டக் காப்பாத்த வந்திருக்கு. செவ்வாயும் வெள்ளியும் விடாம, வெளிய நின்னபடியே தெளிச்சேன்."

முத்துசெல்வி சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப் போனது. வந்திருக்கிற உசுரு பூசணம் இல்லையா அக்கா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். செண்பகவல்லி தன் நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டாள். ஊறுகாயில் பூசணம் வரக்கூடாது என்று மஞ்சள் போடுகிறவளும் நான்தானே என்றாள். வா வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே வந்த உசுரை விரட்டியிருக்கிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது செத்த குட்டியை நினைத்திருப்பாள்போல. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

மஞ்சள் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், வெயிலும் இருக்கலாம் என்றாள் முத்துசெல்வி. ஆனாலும் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்றாள். கோபாலசாமி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து சுவரைக் கழுவினான். பொண்டாட்டி செய்த காரியத்துக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைக் கறாரான ஆள் என்று நான் நினைத்து வைத்திருந்ததில் பாதியை அன்றே அழித்துவிட்டேன்.

கார்த்திகை அடைமழையில் இரண்டாவது தெளிப்பு. இந்த முறை மஞ்சள் இல்லை. அவள் வேப்பமரத்தடியிலிருந்து கைகூப்பி, வாயால் மட்டும் வா என்று சொன்னாள். அதற்குப் பிறகு மழை விடவே இல்லை. கடைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் மத்தியானத் தூக்கம் எனக்கு ஆழமாகவே வந்தது. கனவில் கரிசல் முழுக்கப் பச்சை மாவு பூத்திருந்தது. ஆடுகள் அதன்மேல் நடந்தன, குளம்பில் ஒட்டவில்லை. அவள் கனவு எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே விழித்தேன். விழித்ததும் ரெண்டு மூடி ஞாபகம் வந்தது.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில் கோபாலசாமி போன் செய்தான். வந்து பாருங்க பாய் என்றான். நல்லதா கெட்டதா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். முதல் பஸ்ஸில் ஏறினேன். கரிசலை மூடிப் பனி நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோடு மட்டும் இருந்தது, ஊர் இல்லை. ஆட்டுச் சத்தத்தை வைத்துத்தான் பட்டியைக் கண்டுபிடித்துப் போனேன்.

செண்பகவல்லி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் துணி, கையில் உறை. உறை போட்ட உள்ளங்கையை என்முன் நீட்டினாள். அதில் ஒரு உண்ணி. கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. மூட்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு, முதுகெல்லாம் பச்சை மாவு. கல்லிடுக்கில் இன்னும் ஏழெட்டு கிடந்தன. சிலது வெள்ளையாக, சிலது பச்சையாக. ஆடுகளின் மேலே உண்ணி இல்லாமல் இல்லை. ஆனால் புதிதாக ஏறுவது குறைந்துவிட்டது, இருப்பதைக் கையால் எடுத்துவிடலாம் என்றான் கோபாலசாமி. கோடையில் திரும்ப ஏறும், ஒவ்வொரு மழைக்கும் தெளிக்க வேண்டும் என்று முத்துசெல்வி போனில் சொல்லியிருக்கிறாள். வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். நேற்றே சொல்லிவிட்டதாகச் சொல்லி, காட்டைப் பார்க்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஆடுகள்மேல் மருந்து பட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தொடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அவள் அந்த உண்ணியைக் கல்மேல் பத்திரமாக வைத்தாள். உறையைக் கழற்றி, கையைக் கழுவி, படலைத் திறந்து உள்ளே போனாள். வெல்லக்கட்டி தானாக வந்து அவள் முழங்காலுக்கு நடுவில் நின்றது. நாலு மாதம் ஆனது அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணை மூடினாள். காது மடலுக்குள் விரலை விட்டாள். ஆடும் கண்ணை மூடிக்கொண்டது.

அவள் விரல் காதுக்குள் ஒரே இடத்தில் நின்றது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். அடுத்த விரலால் தடவினாள். படலுக்கு வெளியே நிற்கிற எனக்கே அந்தக் காதில் ஒரு உண்ணி தொங்குவது தெரிந்தது. அவள் விரல் அதன்மேலேயே போய்வந்தது, அதை உணரவில்லை. பிறகு அவள் குனிந்து, தன் கன்னத்தை அந்தக் காதின்மேல் வைத்தாள். கன்னத்தை மெல்ல நகர்த்தி உண்ணி இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"வெரலு நுனி மரத்துப்போச்சு பாய்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஆவணியிலேயே தெரியும். வீட்டுல இவியள்ட்ட சொல்லல. கன்னத்துல தெரியுது."

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கையுறை என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை, ரெண்டு மூடி போடச் சொன்னவன் நான்தான், அதுதான் உன் விரலைத் தின்றது என்றேன். இத்தனை வருஷ வாய்நீளம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துபோனது. அவள் கன்னத்தை எடுக்கவே இல்லை.

"நீங்க ரெண்டுன்னிய" என்றாள். "நான் மூணு போட்டேன் பாய். இதுக நின்னுக்கிட்டே சொறியுதத பாக்கப் பொறுக்கல. நீங்க சொன்ன ரெண்ட யாரு கேட்டா."

பனி இன்னும் விலகவில்லை. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவளைச் சுற்றி வந்து நின்றன. ஈரத் தரையில் குளம்புச் சத்தமே கேட்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று தேடினேன், இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வெளிய நின்னு என்ன செய்யுதிய? உள்ள வாங்க. உங்க வெரலு நல்லாத்தான இருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் என் கையைப் பிடித்து வெல்லக்கட்டியின் காதுக்குள் வைத்தாள். அவசரப்படக் கூடாது, தாடைக்கு வந்து பிறகு கவட்டிக்குப் போக வேண்டும் என்றாள். காது சூடாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.